கண்ணீரைத் துடைக்கும் முன்

பிரசங்கத்தில் ஐயர் அந்த இடத்துக்குத்தான் வந்து சேருவார் என்று சுகிர்தமணிக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை அடக்கம் முடிந்த வீட்டார் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் வேறெங்கே போகும், புதிய வானம், புதிய பூமி, அங்கே சாவு கிடையாது, அழுகை கிடையாது, இதோ கையை உயர்த்திவிட்டார், ஆண்டவரே தம்முடைய கையால் நம்முடைய கண்ணீரையெல்லாம் துடைத்துவிடுவார், பெண்கள் பக்கம் இரண்டு மூன்று பேர் மூக்கை உறிஞ்சினார்கள், முந்தானைகள் கண்ணுக்குப் போயின. துடைப்பாராம். எதால் துடைப்பார், பஞ்சாலா, துண்டாலா, துடைக்கிறதற்கு முன்னால் காயம் எங்கே என்று பார்க்கமாட்டாரா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இத்தனை வருஷமாக நர்ஸாக இருக்கிறாள் அவள், காயத்தைத் தேடாமல் ரத்தத்தை மட்டும் துடைத்துவிட்டு வருகிறவளை டாக்டர் அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிடுவார், ஏன் அழுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் எவனாவது என் முகத்தில் கை வைத்தால் தட்டிவிடுவேன், அது எந்தக் கையாக இருந்தாலும் சரி. மின்விசிறி அவள் தலைக்கு மேல் டிக் டிக் என்று ஒரே இடத்தில் தட்டிக்கொண்டிருந்தது. ஆண்கள் பக்கம் முன் வரிசையில், வெள்ளைச் சட்டைக்கு மேலே, சவரம் செய்த ஒரு பிடரி. அதைப் பார்க்கக் கூடாது என்று முதல் பாட்டிலிருந்து அவள் பார்க்காமல் இருந்தாள், அதாவது பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜெயசிங். நாலு வருஷத்துக்கு முன் அவளுடைய ஒரே மகன் ஆல்ட்ரினைக் குளத்தங்கரையில் வெட்டிப் போட்டவன். ஆயுள் தண்டனைக் கைதி. அப்பன் செத்ததற்குப் பரோலில் வந்திருக்கிறான். கூட வந்த போலீஸ்காரர்கள் இரண்டு பேர் கடைசி பெஞ்சில், பூட்ஸை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, ஒருத்தர் தூங்கிவிட்டார். கொலைகாரனுக்குக் காவல் வந்தவன் கோயிலில் தூங்குகிறான், காவல் என்றாலே தூங்குவதுதான் போலிருக்கிறது, மேலே இருக்கிறவரும் அன்றைக்கு அப்படித்தான் தூங்கினாரா, இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதில்லை என்று சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்துபோயிற்று, உறங்கவில்லை என்றால் அது இன்னும் மோசம், முழித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாரா.

நேற்றுச் சாயங்காலம் ஐயர் வீட்டுக்கு வந்திருந்தார். நல்ல மனுஷன், போன வருஷம்தான் மாற்றலாகி வந்தவர், வாசலில் நின்றுகொண்டே, "அம்மா, ஜெயசிங் நாளைக்கு ஆராதனைக்கு வாரான். திருவிருந்தும் எடுக்கணும்னு கேக்கான். ஒங்ககிட்டச் சொல்லாம இருக்கக் கூடாதுன்னுதான் வந்தேன்" என்றார். அவள் ஈரத் துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த துணியை உதறினாள். "ஜெயில்ல ரொம்ப மாறிட்டான்மா. ரட்சிக்கப்பட்டிருக்கான். ராத்திரியெல்லாம் முழங்கால்ல நிக்கானாம். ஒங்க கால்ல விழணும்னு சொல்லுதான்" என்றார். "எங்கால் எதுக்கு அவனுக்கு" என்றாள் சுகிர்தமணி. "நீங்க ஒரு வாரம் வராட்டாலும் ஆண்டவருக்குப் புரியும்." அப்போதுதான் அவளுக்கு ஏறிக்கொண்டு வந்தது. "நான் ஏன்யா வராம இருக்கணும்? வெட்டுனவன் வருவான், வெட்டுக் கொடுத்தவ வீட்டுக்குள்ள இருக்கணுமா? எந்தச் சட்டத்துல இருக்கு?" ஐயர் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், அவர் என்ன செய்வார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று பிறகு நினைத்தாள், பிறகு அந்த நினைப்பின் மேலேயே கோபம் வந்தது, யாரைத்தான் சொல்லிக் குற்றம், அவரைச் சொல்லக் கூடாது, இவரைச் சொல்லக் கூடாது, ஆண்டவரைச் சொல்லவே கூடாது, அப்படியானால் என் பிள்ளை தானாகவே வெட்டிக்கொண்டு செத்தானா. ரட்சிக்கப்பட்டிருக்கிறான். ஒருத்தன் ரட்சிக்கப்படுவதற்கு இன்னொருத்தன் கழுத்து வேண்டியிருக்கிறது, நல்ல ஏற்பாடு.

ஆல்ட்ரின் செத்த அன்றைக்குக் காலையிலும் அவள் ஜெபித்திருந்தாள். அதுதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது, எத்தனை தண்ணீர் குடித்தாலும் இறங்காத முள். ஒவ்வொரு விடியலிலும் பாயைச் சுருட்டியதும் அந்தப் பாயின் மேலேயே முழங்கால் போட்டு, போக்கையும் வரத்தையும் ஆசீர்வதியும் அப்பா, ஆல்ட்ரினுடைய வண்டிக்கு முன்னும் பின்னும் அக்கினி மதிலாயிரும் என்று பேர் சொல்லிக் கேட்பாள், புருஷன் நெஞ்சு வலியில் போனதிலிருந்து ஒரு நாள் விட்டதில்லை. அக்கினி மதில். அவள் கேட்டது அதிகம்தான், ஒத்துக்கொள்கிறாள், அக்கினியும் வேண்டாம் மதிலும் வேண்டாம், ஒரு பஞ்சர் போதுமே. இந்த ஊரில் உடைமுள்ளுக்கா பஞ்சம், எந்தப் பாதையில் கால் வைத்தாலும் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறுகிற முள், அதில் ஒன்று, ஒரே ஒன்று, ஜெயசிங்கின் பைக் டயரில் ஏறியிருந்தால் அவன் பாதி வழியில் நின்று கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு வண்டியை உருட்டியிருப்பான், ஆல்ட்ரினும் பின்னால் உட்கார்ந்திருந்த ஜெயசிங்கின் தங்கை பெனிட்டாவும் குளத்தைத் தாண்டி, ரோட்டைப் பிடித்து, ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். கடலைப் பிளந்தவருக்கு ஒரு ரப்பரைப் பிளக்க முடியவில்லை. மனுஷனுக்கு சுயாதீனம் கொடுத்திருக்கிறார், அதில் அவர் தலையிடமாட்டார் என்று முந்தைய ஐயர் சொன்னார், தீமை செய்கிற சுதந்திரமும் சுதந்திரம்தானேம்மா என்றார், சரி, மனுஷனில் தலையிட வேண்டாம், டயரில் தலையிடலாமே, டயருக்கு என்ன சுயாதீனம். அன்றைக்கு அவளுக்குத்தான் டூட்டி. தூக்கிக்கொண்டு வந்தவர்கள் முகத்தைத் துண்டால் மூடியிருந்தார்கள், வெட்டுப்பட்ட கேஸ் சிஸ்டர் என்றார்கள், அவள் கத்தரிக்கோலை எடுத்துச் சட்டையை வெட்டினாள், கையிலிருந்து தோள் வரைக்கும் வழக்கம்போல ஒரே வெட்டாக, அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையை அவளே காலையில் இஸ்திரி போட்டுக் கொடுத்தது என்பது துணி பாதி விலகிய பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகும் கை நிற்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது, கை பாட்டுக்கு வேலையைப் பார்த்தது, நாடி பார்த்தது, பஞ்சை வைத்து அழுத்தியது, டாக்டர் வந்து தோளைத் தொட்டு சிஸ்டர் விடுங்க என்கிறவரைக்கும் அழுத்திக்கொண்டே இருந்தது. அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்துவதற்கு அங்கே ஒரு கை இருந்தது, மேலேயிருந்து வந்த கை எது.

ஐயர் இப்போது நம்பிக்கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், நம்பிக்கை இல்லாத மற்றவர்களைப் போல நாம் துக்கிக்கிறவர்கள் இல்லை என்றார். மற்றவர்களைப் போல என்றால் எப்படி. ஆல்ட்ரின் அடக்கத்துக்கு வந்த பெண்கள் நம்பிக்கையோடுதான் பேசினார்கள், நல்ல இடத்துக்குப் போயிட்டான் அக்கா, ஆண்டவருக்கு அவன் தேவைப்பட்டான், அதான் கூப்பிட்டுக்கிட்டார். எதற்குத் தேவைப்பட்டான், என் மகன் லேப் டெக்னீஷியன், பரலோகத்தில் ரத்தம் எடுத்துப் பார்க்க ஆள் இல்லையாக்கும், அங்கே யாருக்கு சர்க்கரை வியாதி. அப்போது அதைச் சொல்ல முடியவில்லை, சொல்லியிருந்தால் துக்கத்தில் உளறுகிறாள் என்றிருப்பார்கள். அவனைச் சுவருக்குத் தெற்கே புதைத்தார்கள். இந்தக் கோயிலுக்கு ஒரே பீடம், ஒரே மணி, ஒரே ஐயர், ஆனால் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு சுவர் உண்டு, வடக்கே ஜெயசிங்குடைய சாதி, தெற்கே இவளுடைய சாதி, வாசலும் தனித்தனி. ஈஸ்டர் விடியற்காலையில் மெழுகுவர்த்தியோடு இரண்டு பக்கமும் நின்று ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள், ஐயர் சுவரோரமாக ஸ்டூல் போட்டு ஏறி நின்று இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஜெபம் பண்ணுவார். கடைசி எக்காளம் ஊதும்போது என்ன செய்வார்களாம், எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, நீங்க அந்த வாசல்ல போங்க, நாங்க இந்த வாசல்ல போறோம் என்பார்களா, ஆல்ட்ரின் தெரியாத்தனமாக வடக்கே எட்டிப் பார்த்தால் அங்கேயும் ஒருத்தன் அரிவாளோடு எழுந்து வருவானா. நேற்று முன்தினம் ஜெயசிங்கின் அப்பனை வடக்கே புதைத்தார்கள். அவள் போகவில்லை. ஆனால் சாவு மணி அடித்தபோது எத்தனை அடி என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை, அந்த ஆளும் ஒரு காலத்தில் அவளிடம் ஊசி போட்டுக்கொண்டு, சுகிர்தமணி கை பட்டா வலிக்கவே செய்யாது என்று சொன்னவர்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கோபம் ஒன்று அடியில் கிடந்தது, அதன்மேல்தான் மற்றதெல்லாம் அடுக்கியிருந்தது. ஜெயசிங் உண்மையாகவே மனம் திரும்பியிருந்தால்? பொய்யாக இருந்தால் கவலையில்லை, நடிக்கிறான் பாவி என்று காறித் துப்பிவிடலாம், உண்மையாக இருந்தால் அவனும் அந்தப் பரலோகத்துக்கு வருவான். அங்கே ஒரு பெரிய விருந்து, எல்லாருக்கும் இலை போட்டிருக்கும், அவள் ஆல்ட்ரினைத் தேடிக்கொண்டு போவாள், அவன் பக்கத்து இலையில் ஜெயசிங் உட்கார்ந்திருப்பான், இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள், ஆல்ட்ரின் நிமிர்ந்து, வாம்மா, இவனத் தெரியும்லா என்பான். அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியாது. யாரைக் கேட்டு அவனுக்கு இலை போட்டீர், என்னைக் கேட்டீரா, உம்முடைய பிள்ளையைச் சிலுவையில் அறைந்ததற்கு நீர் மன்னித்துக்கொள்ளும், என் பிள்ளையை வெட்டினதற்கு மன்னிக்க நீர் யார். நினைத்துவிட்டு அவளே திடுக்கிட்டு ஐயரைப் பார்த்தாள், அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வேண்டாம், அப்படி ஒரு விருந்தே வேண்டாம், இல்லாமலே போகட்டும், செத்தால் மண்ணு, முடிந்தது கதை. ஆனால் அங்கேயும் நிற்க முடியவில்லை, அங்கே போய் நின்றால் குளத்தங்கரைதான் கடைசி, அரிவாள்தான் கடைசி வார்த்தை, அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை, நீலக் கட்டச் சட்டையை வெட்டியதோடு எல்லாம் சரி. அதை விடமாட்டாள். இந்தக் கோயிலில் புதிய வானத்தைப் பற்றிப் பாடுகிற ஒருத்தருக்கும் அது தேவையில்லை, இருக்கிற வானமே அவர்களுக்குப் போதும், அவளுக்குத்தான் அது வேண்டும், மூக்கை உறிஞ்சுவதற்கு இல்லை, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க ஒரு இடம் வேண்டும், பதில் சொல்ல ஒருத்தர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள அவரை விடமாட்டேன். இரும். அங்கேயே இரும். நான் வாரேன்.

ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பெனிட்டா கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணியிருந்தாள். ஜெயசிங்கின் தங்கை. அண்ணன் வெட்டியதைக் கண்ணால் கண்டவள், கோர்ட்டில் ஏறி நின்று அண்ணனுக்கு எதிராகச் சொன்னவள், அவள் சொல்லியிருக்காவிட்டால் இன்றைக்கு இந்தப் பிடரி பரோலில் வரவேண்டிய தேவையே இருந்திருக்காது. அதோடு அவள் அந்த வீட்டுக்குச் செத்துப்போனாள். ஊருக்குள் கால் வைத்தால் அவளையும் அங்கேயே போடுவோம் என்று சித்தப்பன் எஸ்றா கடைத்தெருவில் வைத்துச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அத்தை என்று கூப்பிடுவாள், ஆஸ்பத்திரி லேபில் இன்றைக்கு இத்தனை சாம்பிள் என்பாள், சாப்பிட்டீர்களா என்பாள். இன்றைக்கு அதெல்லாம் இல்லை, அப்பா செத்ததை ஊர்க்காரர் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு அழுதாள். "அத்தை, அப்பா முகத்த ஒரு தடவ பாத்திருக்கலாம்லா. கல்லறையில போய் ஒரு பூவாவது வச்சிட்டு வந்திருதேன் அத்தை, ராத்திரியோட ராத்திரியா" என்றாள். சுகிர்தமணிக்குச் சுருக்கென்றது, அந்த ஆளுக்காக என்னிடமே அழுகிறாளே, மகனை ஏவி விட்டவர் அவர் இல்லை என்று யார் கண்டது. "வராதட்டி" என்று மட்டும் சொன்னாள். "வந்தா விடமாட்டானுவ." வைத்துவிட்டாள். வைத்த பிறகு செருப்பைத் தேடிக்கொண்டே, திருடி மாதிரி இருட்டில் வந்து அப்பனுக்குப் பூ வைக்க வேண்டுமா அந்தப் பிள்ளை, இங்கே வெட்டினவன் பட்டப்பகலில் முன் வரிசையில் உட்காரப் போகிறான் என்று நினைத்தாள்.

திருவிருந்துக்கு வரிசை எழுந்தது. ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம், பீடத்துக்கு முன்னால் மரக் கிராதியில் இரண்டு வரிசையும் நடுவில் வந்து முட்டும். அவள் எடுக்க வேண்டாம் என்றுதான் இருந்தாள், மனதில் இத்தனை வைத்துக்கொண்டு எடுக்கக் கூடாது, ஆனால் ஜெயசிங் எழுந்ததைப் பார்த்ததும் காலும் எழுந்துவிட்டது. அவன் எல்லாரும் போகட்டும் என்று ஒதுங்கி ஒதுங்கிக் கடைசியில் நின்றான். அவளும் நின்றாள். பெண்கள் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயசிங்கின் அம்மா ரத்தினபாய் முன்னால் போனவள், இவளைப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முழங்கால் போட்டபோது நடுவில் அவனும் அவளும்தான், இடையில் ஒரு கை அகலம். சோப்பு வாசனை அடித்தான். காதுக்குப் பின்னால் ஒரு தழும்பு இருந்தது, அது அவள் போட்ட தையல், சின்னப் பையனாக மரத்திலிருந்து விழுந்து வந்தபோது, அன்றைக்கு ஏ நர்சு வலிக்கி என்று கத்தினான். இன்றைக்கு, தலையை நிமிர்த்தாமல், "அம்மா" என்றான். எங்கிருந்து எடுத்தான் அந்தச் சொல்லை. அந்தச் சொல்லால் கூப்பிட அவளுக்கு இனி யாருமில்லை, இல்லாமல் ஆக்கியவன் அதை எடுத்துப் போட்டுக்கொள்கிறான். அப்பம் வந்தது, உள்ளங்கையில் விழுந்தது, அவள் அதை வாயில் போடவில்லை. கையில் திராட்சரசப் பாத்திரத்தோடு ஐயர் ஆண்கள் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார், ஒவ்வொருத்தராக, ஒவ்வொருத்தராக, ஜெயசிங்கிடம் வந்து பாத்திரத்தைச் சரித்தார், அவன் வாயைத் திறந்தான். சுகிர்தமணி மறு கையை நீட்டிப் பாத்திரத்தின் வாயை மூடினாள்.

"அம்மா" என்றார் ஐயர்.  "கொஞ்சம் பொறுங்கய்யா" என்றாள். சத்தமாகத்தான் வந்தது, மைக் பக்கத்தில் இருந்தது போலிருக்கிறது, பின்னால் கீர்த்தனை அறுந்துபோயிற்று. "ஏல ஜெயசிங். ஒந்தங்கச்சிக்கு சாவு சொல்லி விட்டியளா?" அவன் கண்ணை மூடிக்கொண்டான். "இல்ல" என்றான். "அப்பன் கல்லறைக்கு ஒரு பூ வைக்கணும்னு அழுதா. ராத்திரி ஒளிஞ்சு வரட்டுமான்னு கேக்கா. வந்தா வெட்டுவோம்னு ஒன் சித்தப்பன் சொல்லியிருக்கான். அவனும் இப்ப இந்தப் பாத்திரத்துலதான குடிச்சிட்டுப் போறான்?" ஆண்கள் பக்கத்தில் யாரோ பெஞ்சைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். "எங்கால்ல விழ வேண்டாம். எனக்கு ஒண்ணும் வேண்டாம். அந்தப் பிள்ள பகல்ல வரணும், நடுரோட்ல நடந்து வரணும், ஒருத்தன் தொடக் கூடாது. அத நீ இப்ப எல்லாரும் கேக்கச் சொல்லு. சொல்லிட்டுக் குடி."

ஜெயசிங் எழுந்தான். திரும்பிச் சபையைப் பார்த்தான். எஸ்றா நின்றுகொண்டிருந்தான், மீசை துடிக்க. தூங்கின போலீஸ்காரர் விழித்துக்கொண்டு பாதி எழுந்திருந்தார். "என் தங்கச்சி வருவா" என்றான் ஜெயசிங். "சத்தமா" என்றாள் சுகிர்தமணி. "என் தங்கச்சி ஊருக்கு வருவா. அவள எவனாவது தொட்டான்னா…" அங்கே நின்றுவிட்டது. அதற்கு மேல் எப்படி முடிப்பது என்று அவன் வாய்க்குத் தெரியவில்லை, தெரிந்த முடிவு ஒன்றே ஒன்றுதான், அதைச் செய்யப் போய்த்தான் அவன் ஜெயிலில் இருக்கிறான், உதடு அசைந்துகொண்டே இருந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு வார்த்தை தேடி அவன் தவிக்கிறதை, தேடட்டும், நன்றாகத் தேடட்டும். "தொடாதீங்க" என்றான் கடைசியில். எஸ்றாவைப் பார்த்துக் கையைக் கூப்பினான். "சித்தப்பா, தொடாதீங்க. ஒங்கள கெஞ்சிக் கேக்கேன்." அவன் அழுதான். அதற்கு முன்பே ரத்தினபாய் ஓவென்று அழுதுவிட்டாள், எம்பிள்ள வரட்டும், எம்பிள்ள வரட்டும் என்று தலையில் அடித்துக்கொண்டாள். எஸ்றா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனான். இரண்டு பேர் அவன் பின்னால் போனார்கள். மற்றவர்கள் போகவில்லை.

அவள் பாத்திரத்திலிருந்து கையை எடுத்தாள். ஜெயசிங் முழங்கால் போட்டுக் குடித்தான், பல் பாத்திரத்தில் கடகடவென்று பட்டது. ஐயர் அவளிடம் வந்தார், நின்றார், கண்ணால் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள், வேண்டாம், இன்றைக்கு வேண்டாம், கையிலிருந்த அப்பத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். நெஞ்சுக்குள் பார்த்தாள், அங்கே ஏதாவது இளகியிருக்கிறதா என்று, ஒன்றும் இளகவில்லை, கோபம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது, அதைத் தூக்கிக்கொண்டே எழுந்தாள், முழங்காலில் வலித்தது, நடுப்பாதையில் நடந்தாள், ஒருத்தரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. வேப்பமரத்தடியில் நின்று கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"அத்தை?"

"ஏட்டி, ஒங்கண்ணன் சபைக்கு முன்னால சொல்லியிருக்கான். நீ பகல்ல வா. நான் போலீஸ் ஸ்டேஷன்லயும் ஒரு வார்த்த சொல்லி வைக்கேன். பஸ் ஸ்டாண்டுக்கு நானே வருவேன், எங்கூடத்தான் ஊருக்குள்ள நடக்கணும்."

 

"அத்தை, நீங்க அவன மன்னிச்சிட்டீயளா?"

"இல்ல" என்றாள் சுகிர்தமணி. "நீ கெளம்பி வா."